இடப்பக்கம் பார்க்கிற மனிதர்

காளவாசலில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பவர் அவர். ஒட்டிய கன்னம், தோளில் ஈரத் துண்டு. எதைச் சொன்னாலும் இடப்பக்கம் நிற்கும் மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அந்த அக்கா தலையசைத்த பிறகுதான் அடுத்த வார்த்தை வரும்.

இருவரையும் என் சேனலுக்காக அகலவாக்கில் படமெடுத்தேன். ரீல்ஸில் நெட்டுக்குத்தாக இருந்தால்தான் ஓடும் என்று இரண்டு ஓரங்களையும் வெட்டிப் போட்டேன். அதில் அக்கா படத்தைவிட்டே போய்விட்டார். அவர் மட்டும் யாருமில்லாத பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசினார். ‘பெருசு யாரைத் தேடுது?’ என்று கமெண்டில் சிரித்தார்கள். வீடியோ நன்றாக ஓடுகிறதென்று நானும் அதை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது, டம்ளரை நீட்டியவர் குனிந்து மெல்லச் சொன்னார்: “வீடியோவுல வாரேன்னு சொந்தக்காரங்க அம்புட்டு பேருகிட்டயும் சொல்லிட்டா தம்பி. ‘நம்ம போனு சின்னது, அதான் நீ தெரியல’ன்னு அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.”

என் தப்பைத் தன் போன் மேல் போட்டிருந்தார்.

அதற்குள் அக்கா எட்டிப் பார்த்தார். “தம்பி, உங்க போன்ல நான் தெரியுறேன்ல?”

“நல்லாத் தெரியுறீங்கக்கா” என்றேன்.

பெரியவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மட்டும் இடப்பக்கம் திரும்பவே இல்லை.