பெட்டிக்குள் அடங்காத கம்பு

எங்கள் வீட்டில் என்னுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்டது கிடையாது. கேட்காமலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது மாமாவுக்குத் தூண்டில் கம்பு தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அப்படித்தான். அது சரியான கம்பு என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர், லீவில் வந்திருந்தார். அந்த லீவிலேயே கல்யாணத்தை முடித்து அனுப்பிவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்று, எங்கள் சபையிலேயே பெண்ணும் பார்த்துவிட்டாள். சபையில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. பெண்ணின் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை நிலைக்க வேண்டும். மாமாவோ, எப்போது பயணம் என்று யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார். அம்மாவுக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் மாமாவுக்குச் சொந்தமாகத் தூண்டில் கம்பு கட்டும் ஆசை வந்தது. மண்டைக்காட்டுக் கரையில் நின்று காலா மீன் பிடிக்க வேண்டும். கொச்சியில் மீன்பிடி சாமான் கடை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் இரண்டு பிளாங்க் அனுப்பி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார். பிளாங்க் என்றால் வெறும் தண்டு. வளையம், கைப்பிடி, ரீல் பூட்டுகிற இடம் எல்லாம் நாம்தான் வைத்துக் கட்ட வேண்டும். இரண்டின் மேலும் கடல் சால்மனுக்கு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. "நம்ம காலாவையும் இங்கிலீஷ்ல சால்மன்னுதான் சொல்லுவான்" என்று மாமா பெருமையாகச் சொன்னார். காலா அன்றைக்கு என் மதிப்பில் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஒரு பிளாங்க் நான்கு துண்டு. மஸ்கட்டுக்குப் பெட்டியில் கொண்டுபோகலாம் என்று மாமா முதலில் கேட்டு வாங்கியது அதைத்தான். மற்றது சிநேகிதர் தானாகச் சேர்த்து அனுப்பியது. முனையிலிருந்து அடிவரை ஒரே தண்டு, இரண்டு ஆள் உயரம். பஸ்ஸின் கூரையில் மூங்கிலோடு வைத்துக் கட்டி மார்த்தாண்டம் வந்து சேர்ந்தது. அதை ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர நானும் மாமாவும் ஆளுக்கு ஒரு முனை பிடித்து நடந்தோம். ஹைவே முழுக்க எங்களுக்கு வழிவிட்டது.

எது நல்லது என்று வாயால் சொன்னால் போதாது, பாரம் தொங்கவிட்டு வளைத்துப் பார்க்க வேண்டும் என்றார் மாமா. காலாவின் வாய் மெல்லிசு. முனை விறைப்பாக இருந்தால் வாய் கிழிந்து மீன் போய்விடும். ஆனால் எங்கள் கடலில் அலைக்கு அப்பால் ஈயக்குண்டை எறிய வேண்டுமே, அதற்கு அடிப்பகுதி அசையக் கூடாது. பாரத்துக்கு என்ன செய்வது என்று தேடியபோது, சமையலறையில் துணிப்பையில் கட்டி வைத்திருந்த அரிசி அவர் கண்ணில் பட்டது. வேறு அரிசியா இல்லை வீட்டில்? அது கைப்பிடி அரிசி. ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் சபைக்கென்று அம்மா ஒரு பிடி எடுத்துச் சேர்த்து வைப்பது. மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கியத்திலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான்கு துண்டு, பொருத்திய இடத்திலெல்லாம் முறுக்கிக்கொண்டு கோணலாக வளைந்தது. நான் உடனே வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஒற்றைத் தண்டை மாமா போர்ட்டிகோவிலிருந்து வாசலை நோக்கி நீட்டினார். முனை பணிந்து கொடுத்தது, அடி அப்படியே நின்றது. பார்க்கவே அழகாக இருந்தது. கேட்டுக்கு நேராக அரிசிப்பை ஆடிக்கொண்டிருந்தபோது, கேட்டைத் திறந்துகொண்டு பெண்ணின் அம்மாவே வந்தார். அந்த மாதம் அரிசி வாங்கும் முறை அவருடையது. மாமா பதறித் தண்டைத் திருப்பினார். முடிச்சு அவிழ்ந்து, அட்சதை போடுவது போல அரிசி அத்தனையும் வருங்கால மாமியாரின் தலையில் கொட்டியது.

அம்மா ஓடிவந்தாள். "ஏலே, அது கர்த்தருக்க அரிசில்லா" என்று தலையில் கைவைத்தாள். பிறகு அவரை உட்காரவைத்து, சேலையிலிருந்து அரிசியைத் தட்டிவிட்டு, வேறு அரிசி அளந்து தருகிறேன் என்று சொல்லித் தேயிலை போட்டுக் கொடுத்தாள். அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கேட்டார். "தம்பிக்கு எப்பம் பயணம்?"

மாமா இந்தத் தடவை வானத்தைப் பார்க்கவில்லை. இரண்டு தண்டையும் பார்த்தார். நான் பொறுக்கமாட்டாமல், "நீளக் கம்புதான் மாமா, யோசிக்காண்டாம்" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒற்றைத் தண்டை எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். "இதுதான் எனக்கு."

"அது பெட்டியில அடங்காதே மக்கா" என்றாள் அம்மா.

"அடங்காண்டாம்க்கா" என்றார் மாமா.

பெண்ணின் அம்மா ஒரு வாய்கூடக் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்தார். வீட்டில் கலந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு, அரிசி வாங்காமலேயே போய்விட்டார். அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். மாமா அந்தத் தண்டை மடியிலிருந்து இறக்கவே இல்லை. அரிசி கொட்டியதற்கு இத்தனை அழுகையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அடித்துப் பிடித்து நானே பானையிலிருந்து அரிசி அள்ளிப் பையில் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனேன். அரிசி ஒரு சாக்குத்தான். என் பேச்சு ஜெயித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வீட்டு முன்னறையில், மாமாவுக்குப் பார்த்திருந்த அக்காவின் அப்பா போட்டோவில் மட்டும்தான் இருப்பார். ஆள் குவைத்தில். வருடத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்து போவார். அக்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா உள்ளே யாரிடமோ போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். நான் நடந்ததையெல்லாம் கைகால் வைத்துச் சொன்னேன்.

"பெட்டியில அடங்காத கம்பையா எடுத்தாவ?" என்று அக்கா கேட்டாள்.

"அதத்தான். நான்தான் சொன்னேன்."

"நல்லாத் தெரியுமா? மத்தத திருப்பி அனுப்பியாச்சா?"

"நாளைக்கு பஸ்ல போட்டு விடுவாவ."

அக்கா கையிலிருந்த துணியை அப்படியே என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள். போன் பேச்சு நின்றது. அம்மாவும் மகளும் பேசுவது கேட்டது. முதலில் அம்மாவின் குரல் பெரிதாக இருந்தது, பிறகு மகளின் குரல் பெரிதானது, பிறகு மகளின் குரல் மட்டும்தான் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்க அம்மைகிட்டப் போய்ச் சொல்லு. வாற ஞாயித்துக்கிழமையே ஓலை வாசிக்கட்டும்."

ஒரு கம்புக்கு இவ்வளவு சந்தோஷமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே ஓடினேன். அந்த அக்காவுக்குக் காலா மீன் என்றால் உயிர் போலிருக்கிறது என்று முடிவு செய்து, அம்மாவிடமும் அப்படியே சொன்னேன்.