அம்மாவின் வாளி நம்பர்

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு தோட்டக் கம்பெனி ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கம்ப்யூட்டரில் ‘கிரெப்’ என்று அடித்து ஒரு பெயரையோ நம்பரையோ கொடுத்தால், அது இருக்கிற வரியைத் தேடித் துப்பிவிடும். அதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்திலுள்ள எங்கள் கம்பெனித் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மகள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டிலேயே பிறந்தவள், பிறப்புப் பத்திரம் எடுக்கவில்லை. ஜனவரியில் பள்ளியில் சேர்க்க வேண்டும். பிள்ளை பெற்ற மாதம் பிரசவ லீவில் இருந்ததற்குத் தோட்டத்துத் தாள் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள் பதிவு ஆபீசில். தன் வேலை நம்பரை மனப்பாடமாகச் சொன்னார். யார் வேலைக்கு வந்தார்கள், யார் லீவு என்று குறித்திருக்கும் அந்த வருடத்து ஆள்பதிவு முழுக்கத் தேடினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை.

“இல்லக்கா. அந்த வருசம் நீங்க பதிவுலயே இல்ல,” என்றேன்.

“நான் அங்கதான இருந்தேன் தங்கச்சி,” என்றார். மெஷின் பொய் சொல்லுமா என்று தானே முணுமுணுத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அம்மாவும் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்தான். அவருடைய நம்பர் பால் வாளியில் சிவப்புச் சாயத்தில் எழுதியிருக்கும். அதைத் தேடிப் பார்த்தேன். அம்மாவும் இல்லை!

அந்த வருடம் அம்மா ஒரு நாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. அப்படியென்றால் தப்பு என்னிடம்தான்.

கோப்புகளின் பட்டியலைப் பார்த்தேன். பழைய வருடங்களின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ‘இசட்’ எழுத்தும் இருந்தன. டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று போன மாதம் நானேதான் அவற்றைச் சுருக்கி வைத்தேன், மடச்சி! சுருக்கிய கோப்பில் எழுத்துகள் பழைய உருவத்தில் இருக்காது. கிரெப் அதற்குள் எவ்வளவு தேடினாலும் வெறுங்கையோடுதான் திரும்பும். ‘இசட்கேட்’ என்று அடித்து அதை விரிக்க வேண்டும், பிறகு ஒரு குத்துக்கோடு போட்டு, விரிந்து வருவதைக் கிரெப்பிடம் தள்ளிவிட வேண்டும். அப்படியே செய்தேன். அக்காவின் நம்பர் வரிவரியாக இறங்கியது, பிரசவ லீவு நாட்கள் அத்தனையும்.

மறுநாள் அச்செடுத்த தாளோடு முதல் பஸ்ஸில் போனேன். தேடத் தெரியாமல் தேடிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். அக்கா ஏசவில்லை. படிக்கத் தெரியாதவர். தன் வரி எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்தபடி நின்றார்.

“நேத்து எங்கள வேலைக்கு அனுப்புற மண்டோர்கிட்ட போய்க் கேட்டேன் தங்கச்சி, நான் அந்த வருசம் இங்கதான் இருந்தேனான்னு.”

அந்தத் தாளால் பத்திரம் கிடைத்தது, மகள் ஜனவரியில் பள்ளிக்குப் போனாள். எனக்குத்தான் அந்தப் பேச்சு மனசைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆபீசில் யாரிடமும் இல்லை என்று சொல்வதற்கு முன்னால், அம்மாவின் வாளி நம்பரை ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவேன்.