பாண் வாங்கப் போன மனுசன்

அந்தக் கிரேக்கத் தீவுக்குப் போகும் யோசனை என்னுடையதுதான். மெல்பேர்ணில், ட்ருகனினாவில் நான் வேலை செய்த சாமான் கிடங்கின் சுப்பவைசர் ஒரு கிரேக்கப் பெண். தன் தாய் விட்டுப்போன வீடு தீவின் கடற்கரைப் பட்டினமொன்றில் சும்மா கிடக்கிறது, போய் இரண்டு கிழமை நில்லுங்கள் என்று சாவியைக் கையில் வைத்துவிட்டாள். 2013ஆம் ஆண்டு அது. எனக்கும் என் மனுசனுக்கும் அவுஸ்திரேலியப் பாஸ்போட் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இனி உலகத்தில் எங்கேயும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகலாம் என்று நான் துள்ளினேன். மனுசன் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் எனக்குச் சீவன் போய்விடும்.

வீடு மேட்டில் இருந்தது. முன்கதவைத் திறந்தால் கடல், கடலுக்கு அங்கால் துருக்கியின் மலைகள். அங்கிருந்து படகுகளில் அகதிச் சனம் வந்து இறங்குகிற கரை அது என்பதைச் சாவி தந்தவள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன மனுசன் ஒரு மணித்தியாலமாகியும் வரவில்லை. மீன் பார்த்துக்கொண்டு நிற்கிறாராக்கும் என்று திட்டியபடி இறங்கிப் போனேன். துறைமுகச் சுவரோரம் முப்பது பேரளவில் நிலத்தில் வரிசையாகக் குந்தி இருந்தார்கள். உடுப்பெல்லாம் தெப்பமாக நனைந்திருந்தது. முன்னால் இரண்டு பொலிஸ்காரர்கள். வரிசையின் கடைசியில், மடியில் பாண் பையோடு என் மனுசன்.

கிட்டப் போய், பிடித்துவிட்டார்களா என்று கேட்டேன். ஒருவரும் பிடிக்கவில்லையாம். பொலிஸ்காரன் கையைக் காட்டினானாம், இவர் வந்து இருந்துவிட்டாராம். விலகிப் போ என்றுதானே காட்டியிருப்பான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் சண்டைக் காலத்தில் சுற்றிவளைப்பென்றால் ஆமிக்காரன் கை காட்டிய இடத்தில் இருக்கவேண்டும், எழும்புகிறவனை ட்ரக்கில் ஏற்றிவிடுவான். அதெல்லாம் நானும் பட்டவள்தான். ஆனால் எந்தக் காலத்துக் கதை அது? இந்தப் பயந்தாங்கொள்ளியோடு எங்கே போனாலும் இதுதான்.

"எழும்புங்கோ" என்றேன்.

"அவங்கள் சொல்லாமல் எப்பிடி எழும்பிறது?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. அடையாளம் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பாஸ்போட் இரண்டும் வீட்டில். இவரையும் ஏற்றிக்கொண்டு போனால் எந்த முகாமென்று தேடுவேன்? கிரேக்க மொழியில் ஒரு சொல்லும் தெரியாதே. மேட்டில் ஏறி வீட்டுக்கு ஓடினேன். அவசரத்தில் சாவி துவாரத்துக்குள் போகமாட்டேன் என்றது. பஸ் போய்விடக்கூடாது, போய்விடக்கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன்.

பஸ் இன்னும் நின்றது. பொலிஸ்காரன் விரலை நீட்டி ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான். விரல் கடைசியில் என் மனுசன்மேல் வந்து நின்றது. அவரையும் சேர்த்துத்தான் எண்ணினான். நான் பாஸ்போட்டுகளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். படத்தையும் மனுசனையும் மாறிமாறிப் பார்த்தவன் சிரித்துவிட்டான். தன் மாமியும் மெல்பேர்ணில்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு, எழும்பு என்று மனுசனுக்குக் கை காட்டினான்.

மனுசன் எழும்பினார். அதைக் கண்டு பக்கத்திலிருந்த பெண்ணும் எழும்பினாள். அவளைக் கண்டு மற்றவர்கள். முழு வரிசையும் எழும்பி நின்றது. பொலிஸ்காரனின் சிரிப்பு நின்றுபோனது. இரண்டு கைகளையும் கீழே அமத்திக்காட்டி ஏதோ கத்தினான்.

எல்லோரும் இருந்தார்கள். மனுசனும் இருந்துவிட்டார்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் நனைந்த நிலத்தின் ஈரம் என் உடுப்புக்குள் ஊறுவது தெரிந்தது. பாஸ்போட் இரண்டையும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி, அவருக்குப் பக்கத்தில், நிலத்தில் நானும் குந்தியிருந்தேன்.