அண்டா வாடகைக்கு விட்ட வார்டன்

சுலோச்சனா அம்மாள் காலமான செய்தி சென்ற செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் வந்தது. ஆஸ்பத்திரியில் உடனிருந்த அவருடைய தங்கைதான் பேசினார். அழுகையினூடே இன்னொன்றும் சொன்னார்: "நேத்து சாயந்திரங்கூட, 'கண்ணம்பாளையம் கல்யாணத்துக்குப் பாத்திரம் போயிருச்சான்னு செகரட்டரியக் கேளு'ன்னாங்க." போய்விட்டது என்றேன். அந்த நேரத்தில் எனக்குச் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

சூலூருக்கு வெளியே ஆதரவற்ற பெண்களுக்காக நாங்கள் நடத்தும் இல்லத்துக்கு அவர் வார்டன், நான் செயலாளர். ஒரு வெளிநாட்டு அமைப்பு அனுப்பிய நிதியில்தான் இல்லம் நடந்துவந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அடுத்த ஆண்டிலிருந்து உதவ இயலாது என்று அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. நாற்பது பெண்கள் இருந்தார்கள். பலருக்குப் போக வேறு வீடு கிடையாது. நான் இன்னொரு அமைப்புக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். அவர் போய் ஸ்டோர் ரூமைத் திறந்தார்.

உள்ளே அண்டாக்களும் குண்டாக்களும் கூரை தொட அடுக்கியிருந்தன. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் நினைவாக இல்லத்துக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுப்பார்கள், பேரும் வெட்டிக் கொடுப்பார்கள். அரிசி கொடுப்பவர் குறைவு. அரிசியில் பேர் வெட்ட முடியாதல்லவா!

"ஏனுங்க செகரட்டரி, இதையெல்லாம் கல்யாணத்துக்கு வாடகைக்கு உட்டா என்னங்க?"

"சேவை பண்ற எடத்துல யாவாரமா அம்மணி? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரு மாசாமாசம் அரிசி போடுவாங்களான்னு கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் நான் வெளக்கி வெக்கறேன்."

நான் யாரையும் போய்க் கேட்கவில்லை. அவரும் பெண்களும் புளி போட்டுத் தேய்த்து முடித்தார்கள். சில மாதங்களில் பாத்திரத்தோடு பரிமாறவும் எங்கள் பெண்களே போனார்கள். அவர்கள் கையிலும் கூலி என்று கொஞ்சம் நின்றது.

அப்போதுதான் உடுமலைப்பேட்டைத் தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். முந்தின நாள் ஒரு கல்யாணத்தில், தன் தாயார் பேர் வெட்டிய அண்டாவில் சாம்பார் கொதிப்பதைப் பார்த்துவிட்டார்.

"எங்கம்மா பேரையே வாடகைக்கு உட்டுப்போட்டீங்களா?" என்று கத்தினார். நான் பயந்துபோய், இனிமேல் விடமாட்டோம் என்று வாக்கே கொடுத்துவிட்டேன். அம்மாள் அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தார்.

"சாம்பார் நல்லாருந்துச்சுங்களா?"

"அது... நல்லாத்தான் இருந்துச்சு."

"இந்த ரூம்ல கெடந்தப்போ உங்கம்மா ஒருத்தருக்கும் சோறு போடலீங்க. இந்த மாசம் மூணு கல்யாணத்துக்குப் போட்டிருக்காங்க. அந்த வாடகையில நாங்களும் சாப்புடறோம். வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிருங்க. கார்ல ஏறுமான்னுதான் தெரியல."

அவர் அண்டாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். மதியம் அங்கேயே சாப்பிட்டார். அடுத்த மாதம் லாரி நிறையப் பந்தி மேசைகள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் தாயார் பேர்!

சில ஆண்டுகளில் அரிசிக்கும் மருந்துக்கும் வாடகையே போதுமானதாயிற்று. பழைய அமைப்பு மறுபடி உதவ முன்வந்தபோது அம்மாள் சொன்னார்: "கட்டடத்துக்குக் குடுத்தா வாங்கிக்கலாமுங்க. சோத்துக்கு வேண்டாம். சோறு நம்முளுதா இருக்கட்டும்." அதை ஆங்கிலத்தில் எழுத நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். நன்கொடை கேட்க மில் ஆபீஸ்களுக்குப் போகும்போது நான் கைகட்டி நிற்பேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுப்பார்: "உக்காந்து கேளுங்க. நமக்கா கேக்கறோம்?" நேற்று கூரைத் தகடு கேட்க ஒரு முதலாளியிடம் தனியாகப் போனேன். முதலாளி 'உக்காருங்க' என்று சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.