தகரக் கூரைமேல் வெள்ளைப் பூ

அந்த மாசி மாதக் காலையில், ஆஸ்டின் டவுன் வீட்டுத் தகரக் கூரைமேல் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். என் அத்தை மட்டும், முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதைப் போல முழித்தாள். அவள் காத்திருந்தது சிவப்பு ரோஜாவுக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமா வாங்கி வந்து நட்ட ஒட்டுச்செடி அது. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகப் பூத்தது. அந்த வருஷமே மாமா மாரடைப்பில் போய்விட்டார். அடுத்த கோடையில் செடியும் கருகியது. அத்தை அன்றைக்கு அழுத அழுகை, மாமா போன அன்று அழுததைவிட அதிகம். மழை விழுந்ததும் அடியிலிருந்து ஒரு தளிர் கிளம்பியது. "பார்த்தியா, அவரு அவ்வளவு லேசுல விடுவாரா" என்று என்னை இழுத்துப் போய்க் காட்டினாள். அவள் முகத்தில் அத்தனை நாள் காணாத தெம்பு. அன்றிலிருந்து தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே செடியோடு பேசுவாள்.

ஆயுத பூஜைக்குக் கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைத்து, மறுநாள் அதே கத்தரிக்கோலால் ரோஜாவை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவது எங்கள் தெரு வழக்கம். வெட்டினால்தான் குளிருக்குப் பூக்கும். அத்தையும் வருஷம் தவறாமல் வெட்டினாள். செடி காடாக வளர்ந்தது, மொட்டு மட்டும் வரவில்லை. ஒரு வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். வேறு யாரையும் செடியைத் தொட விடவில்லை. அது பாட்டுக்குக் கூரையேறி இப்படிப் பூத்து நின்றது.

ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு நர்சரிக்குப் போனோம். நர்சரிக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டு எப்பவோ செத்துப்போச்சும்மா. இது ஒட்டு கட்ட அடியில வெச்ச காட்டு ரோஜா. நம்ம ஊரு குளிருக்கு நல்லா ஏறும். பழைய கொம்புலதான் பூக்கும், வருஷா வருஷம் வெட்டுனா எங்கிருந்து பூ வரும்?"

வேர் மாமா நட்டதுதான். பூ மாமா ஆசைப்பட்டது இல்லை. இதை மாமாவின் செடி என்பதா, இல்லை என்பதா? ஆட்டோவில் அத்தை அந்தக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மறுநாள், கத்தரிக்கோலோடு செடி முன்னால் போய் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது அவரு இல்லைன்னா, தெனம் காலைல நான் யாருகிட்ட பேசினு இருந்தேன்?"

கத்தரிக்கோலை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். இப்போது கூரையே தெரியாத அளவுக்கு அது படர்ந்துவிட்டது. மாசியானால் பூத்துக் கொட்டுகிறது. அத்தை அதை வெட்டுவதில்லை. தண்ணீர் ஊற்றுகிறாள், பேசுவதில்லை.