வெள்ளைத் தொப்பியும் ஒன்றரைப் பேரும்

மாலை ஐந்து மணியானதும் குஞ்ஞுமோன் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். போல்ட் பாதி முறுக்கியபடியே நிற்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், ஏதோ எழுதுவார். பிறகு அதே ஸ்பேனரை எடுத்து அதே போல்டை முறுக்கத் தொடங்குவார். அபுதாபிப் பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளுக்கு வந்த முதல் வாரம் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மணிக்கு முந்தைய திருகலுக்கும் பிந்தைய திருகலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "இதுவரைக்கும் கம்பெனி நேரம், இனி என் நேரம். என் நேரத்துக்கு விலை கூடுதல்" என்றார் அந்த மலையாளி. இப்போது எனக்கும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. ஐந்து மணி நெருங்கினால் கை தானாகப் பைக்குப் போகிறது.

மணிக்கணக்குக்கு விலை உண்டு என்பதே எனக்குப் புதுசு. இலங்கையில் அட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு "ஒரு பேர்" என்போம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எடுக்கும்போது கணக்கப்பிள்ளை பேரைப் பதிவார். அம்மாவுக்குக் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், ஞாயிற்றுக்கிழமை வேலை கொடுத்தால் ஒன்றரைப் பேர். அதற்கு இடையில் மணி, நிமிடம் ஒன்றும் கிடையாது. சாயங்காலம் கொழுந்து லொறி வர இரண்டு மணி நேரம் பிந்தும். மழையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அட்டை கடித்த காலைத் தேய்த்துக்கொண்டு பொம்பளைகள் கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் நிற்பார்கள். அந்தக் காத்திருப்புக்கு யாரும் பேர் போட்டதில்லை. போடச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

அதனால்தான் முதல் சம்பளத்தில் அந்தக் கூத்து நடந்தது. ஒரு நாள் கிரேன் வரவில்லை. ஐந்திலிருந்து ஏழு மணி வரை நாங்கள் எட்டுப் பேரும் மணலில் குந்தியிருந்தோம். மாதக் கடைசியில் பார்த்தால், அந்த இரண்டு மணிக்கும் ஒன்றேகால் மடங்கு போட்டிருந்தார்கள்! யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள், நாளைக்குக் கண்டுபிடித்தால் என் தலையில்தான் கட்டுவார்கள் என்று பயந்து டைம் ஆபீசுக்கு ஓடினேன். அங்கே எகிப்துக்காரர் ஒருவர் இருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "சார், நான் வேலை செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்றேன். அவர் என் கார்டை எடுத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "பணம் குறையவில்லையே, சரியாகத்தானே இருக்கிறது" என்றார். "அதுதான் சார், சரியாக இல்லை." "எவ்வளவு குறைகிறது?" "குறையவில்லை, கூடிவிட்டது." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் அதிகம் கேட்டு வந்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டு கதவைக் காட்டினார். அன்று இரவு குஞ்ஞுமோன் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடுவத்து வாசலில் நனைந்துகொண்டு நின்ற அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

நான் ஏன் இந்தக் கணக்கில் இவ்வளவு குறியாக இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியைக் கத்தியால் அடிமட்டமாக நறுக்கும் வேலை. அடுத்த ஆண்டு வயது முடிகிறது, நிறுத்திவிடுவார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, அவர் பேர் ஏற்கெனவே போய்விட்டது. வீட்டில் யாருடைய பேரும் இல்லையென்றால் தோட்டம் தந்த லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, விட வேண்டும். இல்லாவிட்டால் தங்கச்சி பிலோமினா படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்துக்குப் பேர் பதிய வேண்டும். அவள் அட்டனில் உயர்தரம் படிக்கிறாள். கினிகத்தேனையில் ஒரு கடை முதலாளி ஒரு வீடு கட்டப் போதுமான பதினைந்து பேர்ச் காணி தருவதாகச் சொல்லியிருந்தார். நத்தாருக்குள், அதாவது கிறிஸ்மசுக்குள், முழுப் பணமும் கட்ட வேண்டும், பிந்தினால் வேறு ஆளுக்கு. என் தினக்கூலி சாப்பாட்டுக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விடும். காணிக்குப் போனதெல்லாம் ஐந்து மணிக்குப் பிந்திய நேரமும் வெள்ளிக்கிழமையும்தான். இங்கே வெள்ளிதான் லீவு நாள், அன்றைய வேலைக்கு ஒன்றரை. அந்த ஒரு கணக்கு மட்டும் எனக்கு ஊரிலேயே தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது இங்கிலீஷ்கார எஞ்சினியர் ஒருநாள் கூப்பிட்டார். முதலாம் தேதியிலிருந்து நான் சூப்பர்வைசர், தினக்கூலி இல்லை, மாதச் சம்பளம் என்றார். கூலிக்காரர் நாங்கள் போடும் மஞ்சள் பாதுகாப்புத் தொப்பியை வாங்கிக்கொண்டு வெள்ளைத் தொப்பி ஒன்றைக் கையில் கொடுத்தார். அவர் நீட்டிய ஒப்பந்தத் தாளை நான் வாசிக்கவே இல்லை. எப்படி வாசிப்பேன்? எங்கள் தோட்டத்தில் மாதச் சம்பளக்காரர் என்றால் ஸ்டாப், தோட்டத்து உத்தியோகஸ்தர். வேலையை மேற்பார்க்கிறவர் கண்டாக்கையா, கணக்கு எழுதுகிறவர் கிளாக்கர் ஐயா என்று ஐயா போட்டுத்தான் அவர்களை அழைப்போம். அவர்களுக்குத் தனி வீடு, வாசலில் ரோசாச் செடி. அவர்கள் எதிரே வந்தால் அப்பா தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் ஒதுங்கி நிற்பார். அதைப் பார்த்து வளர்ந்தவன் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்?

ஊருக்கு எழுதினேன். பதிலுக்குக் கேசட் வந்தது. அட்டன் கடையொன்றில் பதிந்திருக்கிறார்கள், பின்னால் பஸ் சத்தம். அப்பா இரைந்து பேசுகிறார்: "சவரி, நீ ஸ்டாப்பு ஆயிட்டேன்னு லயம் பூராவும் சொல்லிட்டேன்யா. கோயில்ல பூசைக்குக் குடுத்துருக்கேன். கண்டாக்கையாவே கூப்பிட்டு, உக்காருங்க அந்தோணின்னு நாக்காலி போட்டாரு. நான் உக்காரல, நின்னுகிட்டேதான் பேசுனேன். அந்த வெள்ளத் தொப்பியோட ஒரு படம் புடிச்சி அனுப்பு." அந்தக் கேசட்டை எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

மாதம் முடிந்து சம்பளக் கவரைப் பிரித்து எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். வேலை குறையவில்லை. எல்லாரும் போனபின் கடைசியாக வண்டி ஏறுகிறவன் நான்தான், குழாயின் ஒரு முனையைத் தூக்குகிறவனும் நான்தான். ஆனால் மாதச் சம்பளக்காரனுக்கு ஓவர்டைம் இல்லை, வெள்ளிக்கிழமைக்கு ஒன்றரையும் இல்லை. தினக்கூலியாய் இருந்தபோது வந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இரண்டாம் மாதமும் அப்படியே. கினிகத்தேனைக் காணி என் கையைவிட்டு நழுவுவது தெரிந்தது. தூக்கம் போய்விட்டது. கட்டிலில் படுக்க முடியாமல் முகாமைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வெள்ளைத் தொப்பியைக் கண்டாலே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் குஞ்ஞுமோன் சொன்னார், அந்த வேலையை அவருக்கு மூன்று தரம் கொடுத்தார்களாம், மூன்று தரமும் வேண்டாம் என்றாராம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அப்பவே ஏன் அண்ணே சொல்லல?" என்று கத்தினேன். "நீ தொப்பிய வச்சுக்கிட்டுக் கண்ணாடி பாத்துட்டு நின்னே. அந்த முகத்தப் பாத்து எப்படிச் சொல்றது?" என்றார்.

மறுநாள் மறுபடியும் டைம் ஆபீஸ். என்னைத் தினக்கூலிக்கே மாற்றுங்கள் என்றேன். எகிப்துக்காரர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். "யார் உன்னை மிரட்டியது? என்ன தப்புச் செய்தாய்?" என்று மெதுவாகக் கேட்டார். தப்பு எதுவும் இல்லை, பணம் போதவில்லை என்று விளங்கவைக்க அரைமணி நேரம் ஆனது. விளங்கியபின் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். ஆட்களை வைத்து நடத்த உண்மையில் அதிகாரம் உள்ளவனுக்குத்தான் ஓவர்டைம் கிடையாது, பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும் கையால் குழாய் தூக்குகிறவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாசித்துக் காட்டினார். "நீ கேட்டால் கிடைக்கும். பட்டணத்தில் அரசாங்கத் தொழிலாளர் ஆபீசில் எழுதிக் கொடு. ஒரு வருசம் ஆகலாம்." ஒரு வருசம்! நத்தாருக்கு நாலு மாதம்தான் இருந்தது. நியாயம் என் பக்கம் இருந்தும் அதைக் கேட்க எனக்கு நேரமில்லை. தினக்கூலிக்கே எழுதிக் கொடுத்து, தொப்பியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது? நாற்காலி போட்டதைச் சொன்ன குரல் காதிலேயே நின்றது. சொல்லவில்லை. அவர் கேட்ட படத்தை, தொப்பி வெள்ளை என்று தெரியும்படி கலரிலேயே எடுக்க நினைத்து, என் இடத்துக்கு வந்த பாகிஸ்தானியிடம் வெள்ளைத் தொப்பியை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன். பட்டணத்து ஸ்டூடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்து, படம் பிடித்து அனுப்பினேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் விடவில்லை. நத்தாருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடைசிப் பணமும் போய்ச் சேர்ந்தது.

பிலோமினாவின் கடிதம் நேற்று வந்தது. காணி எழுதியாயிற்று, அத்திவாரம் வெட்டுகிறார்கள், அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "அண்ணே, படம் கெடச்ச அன்னைக்கி அப்பா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோயி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு. தொப்பிய இல்ல, ஒங்க கையத்தான் பாத்தாரு. 'ஸ்டாப்பு ஐயாமாரு கை இப்பிடி இருக்காதே, இது என் கையாட்டம்ல இருக்கு'ன்னாரு. அப்பறம் அவரே ஆணி அடிச்சி மாட்டுனாரு. புது வீட்டுக்கு இந்தப் படத்தத்தான் மொதல்ல கொண்டுபோகணும்னு சொல்லிட்டாரு."

இன்று வெள்ளிக்கிழமை. முகாமில் எல்லாரும் தூங்குகிறார்கள், வண்டி ஹாரன் அடிக்கிறது. ஆணியில் தொங்கும் மஞ்சள் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். கினிகத்தேனையில் நான் கட்டும் வீட்டுக்கு முதலில் குடிபோகப் போகிறவன் படத்திலிருக்கும் அந்த வெள்ளைத் தொப்பிக்காரன்தான். எனக்கு இன்னும் கூரைக்கான வெள்ளிக்கிழமைகள் பாக்கி இருக்கின்றன.