கிளி வேண்டாம் என்றேன்

காசநோய் என்று டாக்டர் சொன்ன அன்றே ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் பின்பக்க அறை எனக்கென்று ஆனது. அண்ணி ஜன்னலுக்கு வெளியே முக்காலியில் சோற்றுத் தட்டை வைத்து, மூடியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஓடிவிடுவார். வாயைத் திறந்தால் நோய் உள்ளே போய்விடுமாம். எட்டு மாதம்! ஒரு வார்த்தை கிடையாது.

பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான் தொடர்கதை எழுத உட்கார்ந்தேன். தீவில் ஓர் இளவரசி. அவள் குரலைக் கேட்பவர் கல்லாகிவிடுவார் என்று மந்திரவாதியின் சாபம். அதனால் அவள் யாரோடும் பேசமாட்டாள். எழுதிய தாள்களை அண்ணன் இடுக்கியால் பிடித்து, சாம்பிராணிப் புகை காட்டி, மதராஸ் பத்திரிகைக்குத் தபாலில் போடுவார். என் கதை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பியதுபோல் மணத்துக்கொண்டு போகும்.

மூன்று இதழ்கள் வந்ததும் ஆசிரியர் எழுதினார்: ஒருத்தி இத்தனை பக்கம் பேச்சுத் துணையில்லாமல் இருந்தால் வாசகர்களுக்குச் சலிக்கும், பேசும் கிளி ஒன்றைச் சேர்க்கவும். எனக்கு வந்ததே கோபம்! சலிக்குமாம். இவரை இந்த அறையில் ஒரு வாரம் அடைத்துவைத்தால் தெரியும். கிளியும் கல்லாகிவிடாதா என்று எழுதிக் கேட்டேன். கிளிக்குச் சாபம் பலிக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கதையை நிறுத்திவிடுகிறோம் என்று பதில் வந்தது.

"ஒரு கிளிதானேம்மா, வெச்சுத் தொலையேன். பேஜார் பண்ணாதே," என்றார் அண்ணன், பத்தடி தள்ளி நின்று, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு.

கதையும் போய்விட்டால் எனக்கு வேறென்ன இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அந்தச் சனியன் பிடித்த கிளி இளவரசியிடம் முதலில் கேட்டது, "சாப்பிட்டியா?" எழுதும்போதே அழுகை வந்தது. அழுகிறேனே என்று இன்னும் எரிச்சல் வந்தது. கிளிக்கு மேலே கழுகு வட்டமிடுவதாக அத்தியாயத்தை முடித்தேன். அடுத்த இதழோடு அதன் கதை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

என் அறைக்குள் வந்த பத்திரிகை திரும்ப வீட்டுக்குள் போகக்கூடாது. அதனால் அண்ணனும் அண்ணியும் படித்த பிறகுதான் எனக்கு வரும். கழுகு வட்டமிட்ட இதழ் தட்டோடு வந்த மத்தியானம், மூடி இரண்டு முறை தட்டியது. ஓடும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அண்ணி நின்றிருந்தார்.

"ஏம்மா, அந்தக் கிளிக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

சேசுவே! எட்டு மாதமாக எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, கிளிக்குக் கவலை! கிளி செத்துப்போச்சு, போங்க என்று கத்த வாயெடுத்தேன். அவர் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கு வந்து கேளுங்க அண்ணி, சொல்றேன்," என்றேன்.